டெய்லர் வீட்டுக் கொத்தனார்

ஜூலை 3

என்னங்க,

ஆண்டவன் கிருபையில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களுக்கு 'ம்', 'சரி', 'வை' என்று மூன்றே வார்த்தைதான். மூன்றும் எனக்கு மனப்பாடம். கடிதம் என்றால் வெறும் 'ம்' எழுதித் தபாலில் போட உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவில்லை என்பதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். பெட்டியைப் பாப்பாதான் தூக்கி வந்தாள். "அப்பா காஜா போட்டுக்கிட்டு இருக்கார்மா" என்றாள். விடியற்காலையில் யார் சட்டைக்குங்க காஜா?

இது கட்டடத் தொழில்கள் மட்டுமே சொல்லித் தருகிற கல்லூரி. குழாய், மின்சாரம், தச்சு, பெயிண்ட், கொத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டகை. கொத்து வகுப்பில் எல்லாம் மீசை முளைக்கிற பிள்ளைகள், அப்புறம் நான். முதல் நாள் குமாஸ்தா என்னைப் பார்த்து, "உட்காருங்கம்மா, பையன் எங்கே?" என்றார். "பையன் நான்தான்" என்றேன். வயது வரம்பு இல்லை என்று விளம்பரம் போட்டவரே அவர்தானாம். எழுந்து நின்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

விடுதியில் என் அறைக்கு ஒரு பெயிண்டர் பெண். நான் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அவள் போர்வைக்குள்ளிருந்தே, "ஆன்ட்டி, எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க, எனக்கு உயரம்னா பயம்" என்கிறாள். உயரத்துக்குப் பயந்தவள் பெயிண்ட் அடிக்கப் படிக்கிறாள். ஆண்டவனுக்கு என்னால் வேலை கூடிப்போயிற்று.

முதல் பருவம் முடியட்டும், அப்புறம் தொடர்வதா நிற்பதா என்று பார்ப்போம் என்று நீங்கள் சொன்னதும் நான் ஒத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஆனால் முழு வருஷமும் முடித்தால்தான் சான்றிதழ். அது இருந்தால் கொத்தனார். இல்லாவிட்டால் கல் சுமக்கிற சித்தாள். நான் கல் சுமக்க வரவில்லை. இதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 12

கணக்குப்பிள்ளைக்கு,

ம்.

பார், எழுதிட்டேன். வெட்கமா இல்லை.

கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சொல்லுவாங்க. நீ கெடாமலே நேரா குட்டிச்சுவருக்குப் போயிட்டே. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். டப்பா மேல எல்லாம் பேர் எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கே, சரி. பைசா விடாம கணக்கு எழுதறவ, எது எவ்வளவு போடணும்னு எழுத விட்டுட்டியே. நேத்து பாப்பா ஒரு வாய் வெச்சுட்டு, "அப்பா, இது பாவம்" அப்படின்னா. சோறு பாவமா, அவ பாவமா, நான் பாவமான்னு கேக்கலை.

தெருவுல "வீட்டம்மாவைக் காணோமே"ன்னு கேக்கறாங்க. உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். என்னைத் திட்டாதே. இருபது வருஷமா இந்தத் தெருவுல கழுத்துல டேப் போட்டுக்கிட்டு மரியாதையா உட்கார்ந்திருக்கேன். டெய்லர் பொண்டாட்டி செங்கல் அடுக்கப் போயிருக்கான்னா, டெய்லருக்கு என்ன கேடுன்னுதான் முதல்ல கேப்பாங்க.

அன்னைக்குக் காலையில காஜா யாருக்கும் இல்லை. பழைய துணியில சும்மா போட்டுக்கிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தா "போகாதே"ன்னு சொல்லியிருப்பேன். பாப்பா எதிர்ல அது வேண்டாம்னுதான்.

டெய்லர்

ஆகஸ்ட் 20

என்னங்க,

அந்தச் சொந்தக்காரர் யார், அவருக்கு என்ன நோய் என்று விவரமாக எழுதுங்கள். ஊருக்கு வரும்போது நான் உளறக் கூடாது. முடிந்தால் சீக்கிரம் குணமாக்கிவிடுங்கள். இல்லாத மனிதருக்காக என்னால் பிரார்த்தனை செய்ய முடியாது.

'ம்' விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். இங்கேயும் ஒருவர் இருக்கிறார். எங்கள் வாத்தியார். கட்டி முடித்த சுவர் நேரா என்று பார்க்க ரசமட்டத்தை வைப்பார், தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், "ம்" என்பார். அடுத்த சுவருக்குப் போய்விடுவார். எது நல்ல 'ம்', எது கெட்ட 'ம்' என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிகிறது. அனுபவம். "அக்கா, இப்ப சொன்னது என்ன?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. இங்கே நாங்கள் கட்டுகிற சுவர் எதுவும் நிற்பதில்லை. முதல் பருவம் முழுக்கச் சிமெண்டைத் தொட விட மாட்டார்கள். மணலும் சுண்ணாம்பும் குழைத்த கலவைதான். காலையில் கட்டுவோம், வாத்தியார் பார்ப்பார், மாலையில் நாங்களே பிரித்து, கல்லைச் சுரண்டித் துடைத்து அடுக்கி வைப்போம். மறுநாள் அதே கல்லில் அதே சுவர். பிள்ளைகளுக்கு அழுகை வராத குறை. எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சமைத்தேனே, எந்தச் சாப்பாடு மறுநாள் வரை நின்றது?

ஒரே ஒரு தொல்லை. கல்லூரி கொடுத்த பேண்ட் ஆம்பிளை அளவு. இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறேன். குனிந்தால் கயிறு இறங்குகிறது, நிமிர்ந்தால் பேண்ட் இறங்குகிறது. ஒரு கையில் கலவை அள்ளும் கரணை, ஒரு கையில் மானம். செங்கல்லுக்குக் கை இல்லை.

உங்கள் வீட்டுக்காரி

செப்டம்பர் 1

கணக்குப்பிள்ளைக்கு,

இத்தோட பார்சல் வருது. ரெண்டு பேண்ட். டெய்லர் பொண்டாட்டி இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நிக்கறான்னு வெளியில தெரிஞ்சா, நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். அளவு கேக்கலை. உன் அளவு தெரியாமலா இருபது வருஷம்.

முட்டிக்கு உள்பக்கமா ரெட்டைத் துணி வெச்சிருக்கேன், மண்டி போடறவங்களுக்கு அதுதான் முதல்ல கிழியும். வலது தொடையில நீளமா ஒரு பை, கரணை சொருக. துணி வெட்டறப்போ நம்ம ஹெட்மாஸ்டர் வந்து, "யாருக்குய்யா இது?" அப்படின்னார். "ஒரு கஸ்டமருக்கு"ன்னேன். பொய் இல்லை.

பாப்பா சொல்றா, பருவ லீவுக்கு நீ வருவேன்னு. ஒரு வேலை வெச்சிருக்கேன். கடை வாசல்ல உட்கார இடமில்லாம ஜனங்க நிக்கறாங்க. ரெண்டு பக்கமும் செங்கல் தூண் எழுப்பி, மேல ஒரு கல்பலகை போட்டு ஒரு திட்டு கட்டிக் கொடு. பார்க்கறேன். நல்லா இருந்தா நீ திரும்பிப் போறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா இங்கேயே இரு. பேச்சு பேச்சுதான்.

டெய்லர்

டிசம்பர் 2

என்னங்க,

வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் உங்கள் கை பெட்டியைப் பிடித்திருந்ததை ஊரே பார்த்தது.

திட்டு முடிந்த அன்று நீங்கள் டேப்பை எடுத்து நாலு பக்கமும் அளந்தீர்களே, அப்போது நான் துடைத்த கரணையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். கால் இஞ்சு பிசகு என்றாலும் சொல்லிக் காட்டுகிற ஆள் நீங்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள். நல்ல 'ம்'மைக்கூட விழுங்கிவிட்டீர்கள். அப்புறம் ஜன்னல் வழியாகக் கேட்டேன், டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "என் வீட்டுக்காரி கட்டினது. சொந்தக்காரர்லாம் யாரும் இல்லை, காலேஜ்ல படிக்கறா." சமையலறையில் நின்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அதையும் செலவில் எழுதிவிட்டேன்.

இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. இனிமேல் சிமெண்ட். பேண்டைப் பார்த்துப் பெயிண்டர் பெண்ணும், குழாய் வகுப்பில் இருக்கிற இரண்டு பெண்களும் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்கள். கடைகளில் கிடைக்காது என்று சொன்னேன்.

உங்கள் வீட்டுக்காரி

டிசம்பர் 9

கணக்குப்பிள்ளைக்கு,

எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு காகிதம் கிழிச்சுட்டேன். நேராவே சொல்லிடறேன். யாருக்கும் அடி இல்லை.

முந்தா நாள் நல்ல மழை. நேத்து காலையில ஹெட்மாஸ்டர் கோட்டுக்கு அளவு பார்க்க வந்தார். கையில டீ. "உங்க வீட்டம்மா கட்டின திட்டு இதானா, உட்காரலாமா?" அப்படின்னார். "உட்காருங்க சார், உங்களுக்காகத்தான் கட்டினது"ன்னேன். அவர் உட்கார்ந்தார். திட்டும் உட்கார்ந்தது.

சத்தமே இல்லை. ரெண்டு தூணும் அப்படியே கரைஞ்ச மாதிரி சரிஞ்சு, பல்லக்கு இறக்கற மாதிரி அவரை மெதுவா தரையில வெச்சுது. டீகூடச் சிந்தலை. அவர் கீழ உட்கார்ந்தபடியே ஒரு வாய் குடிச்சுட்டு, "கொஞ்சம் தாழ்வா இருக்கே" அப்படின்னார்.

அவர் பெரிய மனுஷர். தெரு அப்படியா? டீக்கடையில நேத்து பூரா இதே பேச்சு. "இதைக் கத்துக்கத்தான் காலேஜா?" "டெய்லரே, நீங்களே ரெண்டு தையல் போட்டிருக்கலாம்." உடம்பு சரியில்லாத சொந்தக்காரரை அப்படியே படுக்க வெச்சிருக்கலாம்னு தோணிச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டேனே.

கோவமா எழுதறேன்னு நினைக்காதே. கோவமாத்தான் இருக்கு. ஆனா யார் மேலன்னு தெரியலை.

டெய்லர்

டிசம்பர் 14

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது.

சிமெண்ட். நான் சிமெண்ட் போடவில்லை. பருவம் முழுக்க மணலும் சுண்ணாம்பும் குழைத்த கை, நம் வாசலிலும் அதையே குழைத்தது. கடைக்கு உங்களை அனுப்பும்போதுகூட, "மணலும் சுண்ணாம்பும் வாங்கி வாங்க" என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. மாலையில் பிரிக்க வேண்டிய சுவரைக் கட்டிவிட்டு, அதில் ஒரு பெரியவரை உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவர் விழுந்த இடத்தில் கல்பலகை சரிந்து காலில் பட்டிருந்தால்? ஆண்டவன் காப்பாற்றினான். என்னை இல்லை, அவரை.

பேச்சு பேச்சுதான். திட்டு நல்லா இல்லை. நான் வந்துவிடுகிறேன். குமாஸ்தாவிடம் விலகல் கடிதம் கொடுத்தேன். வருகிற திங்கட்கிழமை வாத்தியார் கையெழுத்துப் போடுவாராம், அன்று மாலை பஸ். வாத்தியாரிடம் காரணம் சொல்ல எனக்கு முகம் இல்லை, வீட்டில் சௌகரியப்படவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பெயிண்டர் பெண் என்னோடு பேசவில்லை. சாரத்தின் இரண்டாம் தட்டு வரை ஏறிவிட்டாளாம், அதை வந்து சொன்ன நேரத்தில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன்.

வீட்டுக்காரி

டிசம்பர் 18

ஏம்மா,

தபால்ல போட்டா திங்கட்கிழமைக்குள்ள வராது. நீ போனை எடுக்க மாட்டேங்கறே. அதனால இதை உங்க ஊர் பஸ் கண்டக்டர் கையில கொடுத்தனுப்பறேன். காலேஜ் வாசல்ல கொடுத்துடறேன்னிருக்கார், பதிலுக்கு அவர் யூனிபாரத்துக்கு ஜிப் மாத்திக் கொடுத்தேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் குமாஸ்தாகிட்ட போ.

அன்னைக்குக் கடையில நான் மணலும் சுண்ணாம்பும் கேட்டப்போ, கடைக்காரர், "சிமெண்ட் வேண்டாமா?"ன்னார். வாய்விட்டுக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் வீட்டுக்காரி சொன்னா சொன்னதுதான். உப்பு வாங்கச் சொல்லிச் சர்க்கரை வந்த சரித்திரம் எங்க வீட்டுல இல்லை. நீர் மணலை அளந்து போடும்"னேன். வீட்டுக்கு வந்து உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தலையில கையை வெச்சுக்கிட்டு சிமெண்டுக்கு ஓடியிருப்பே. கேக்கலை. உன் கணக்கு தப்பாதுங்கற திமிர். அந்தத் திமிர் உனக்கு இல்லை, எனக்கு. அதனால திட்டு விழுந்ததுல பாதி என்னுது.

இன்னொண்ணு. நானும் பாப்பாவும் ஒரு காரியம் பண்ணினோம். அதே கல்லு, ஒண்ணுகூட உடையலை. சிமெண்ட் வாங்கி நாங்களே திருப்பிக் கட்டினோம். மூணு நாள் ஆச்சு. நிக்குது. இரும்பு மாதிரி நிக்குது. ஆனா பக்கவாட்டுல பார்த்தா, வர்றவங்களுக்கு சலாம் போடற மாதிரி வளைஞ்சிருக்கு. மேல வெச்ச கத்தரிக்கோல் தானா நகர்ந்து கீழ விழுது. ஹெட்மாஸ்டர் வந்தார், ஒரு சுத்து சுத்திப் பார்த்தார், "நான் நின்னுக்கறேன்யா"ன்னுட்டார்.

உன்னுது நேரா இருந்து விழுந்தது. என்னுது கோணலா நிக்குது. யோசிச்சுப் பாரு. ஒட்டறது சிமெண்ட் வேலை, அது மூட்டையில கிடைக்கும். நேரா வெக்கறது எந்தக் கடையில கிடைக்குது?

துணியை முதல்ல பெருசு பெருசா நூல் ஓட்டிப் பிடிச்சு வெப்போமே, கச்சாத் தையல், அளவு பார்த்ததும் உருவி எறிவோமே, நீ பருவம் பூரா போட்டது அதுதான். அதைப் போட்டுக்கிட்டே ஒருத்தர் கல்யாணத்துக்குக் கிளம்பினா கிழியத்தான் செய்யும். அதுக்காக டெய்லருக்குக் கை இல்லைன்னு சொல்லுவோமா? டீக்கடையில இதைத்தான் சொன்னேன். சத்தமாவே சொன்னேன். முதல்ல சிரிச்சவர்கிட்ட அடுத்த சட்டை எப்ப வேணும்னும் கேட்டேன். அதோட பேச்சு நின்னுடுச்சு.

விலகல் கடிதத்தைத் திருப்பி வாங்கு. வாத்தியார்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லு. அவர் "ம்"தான் சொல்லப் போறார், உனக்குத்தான் அது பழக்கமாச்சே.

மீறித் திங்கட்கிழமை இங்க வந்து நின்னே, அந்தத் திட்டுமேலதான் உட்கார வெப்பேன்.

உன் டெய்லர்

மே 26

என்னங்க,

ஆண்டவன் கண் திறந்தான். தேறிவிட்டேன். பரீட்சைக்கு ஒரு மூலையும் நடுவில் ஒரு ஜன்னல் திறப்பும் கட்டச் சொன்னார்கள். வாத்தியார் தூக்குக்குண்டை விட்டார். நான் 'ம்'முக்குக் காத்திருந்தேன். "வீட்டுல வாசல் திட்டை இடிச்சுட்டுத் திருப்பிக் கட்டுங்கம்மா, அதை முதல்ல பண்ணுங்க" என்றார். டிசம்பரில் அவரிடம் சொன்னதற்கு இப்போதுதான் பதில் வருகிறது. மனிதருக்குள்ளே சிரிப்பு இருந்திருக்கிறது.

எல்லாரும் ஒவ்வொரு திக்காகப் போகிறார்கள். குழாய்ப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு வண்டி பிடித்திருக்கிறார்கள், பக்கவாட்டில் போன் நம்பரும் எழுதியாகிவிட்டது. பெயிண்டர் பெண் நாலாம் மாடிச் சாரத்தில் நிற்கிறாள், கீழே பார்ப்பதில்லையாம். வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன் மேற்கொண்டு வரைபடம் படிக்கிறான்.

இனிமேல் எழுதப்போவதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. இங்கே ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள் பரீட்சை நடக்கும்போதே வந்து பார்த்தார்கள். கொத்தனார் வேலைக்கு என்னைக் கேட்டார்கள். சித்தாள் இல்லை, கொத்தனார். ஒரு வருஷம் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை பஸ் ஏறினால் ஞாயிறு உங்களோடு இருக்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் 'ம்' என்பீர்கள், அது எந்த 'ம்' என்று போனில் எனக்கு விளங்காது. அவர்களுக்கு அன்றைக்கே பதில் வேண்டும். இதெல்லாம் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மனசாட்சியை ஏமாற்றி ஆண்டவன் முன்னால் உட்கார முடியாது, அதனால் இதை எழுதிவிட்டேன்.

கோபம் இருந்தால் கோபத்தை எழுதுங்கள். 'ம்' மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 6

கணக்குப்பிள்ளைக்கு,

கோவம் இருந்தது. ரெண்டு நாள் மெஷின்மேல காட்டினேன். ஒருத்தர் சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே தெச்சுட்டேன். பாப்பா எடுத்துப் பார்த்துட்டு, "அப்பா, பிரிச்சுடலாம், கச்சாத் தையல்தானே" அப்படின்னா. இல்லை, நல்லா ரெட்டைத் தையல். பிரிக்க ஒரு பொழுது ஆச்சு. பிரிக்கப் பிரிக்கக் கோவமும் குறைஞ்சுது. இத்தனை வருஷம் நீ எதுக்கும் என்னைக் கேக்காம இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை கேக்கலை. அதையும் உடனே எழுதி அனுப்பிட்டே. இதுல நான் எங்கே கோவப்படறது?

இன்னைக்கு எழுத உட்கார்ந்தது அதுக்காக இல்லை. நேத்து ஒண்ணு நடந்தது.

மத்தியானம் கடையில இருக்கேன், கழுத்துல டேப், வாயில குண்டூசி. முன்னப் பின்னத் தெரியாத ஆள் ஒருத்தர் வந்து வாசல்ல நின்னார். கையில துணி இல்லை. பேரும் கேக்கலை, டெய்லரான்னும் கேக்கலை. "கொத்தனாரம்மா வீடு இதுதானா?"ன்னார்.

குண்டூசியை ஒண்ணொண்ணா வாயிலேர்ந்து எடுத்து வெச்சேன். இருபது வருஷமா இது டெய்லர் வீடு. தபால்காரருக்கு டெய்லர் வீடு, பால்காரருக்கு டெய்லர் வீடு.

"ஆமா சார், இதுதான். உள்ள வாங்க"ன்னேன்.

அவர் வீட்டு மாடியில ரெண்டு அறை கட்டணுமாம். பகல்ல வீட்டுல அவர் சம்சாரமும் பொண்ணுங்களும்தான். வேலைக்கு ஒரு பொம்பளை வந்தா நிம்மதியா இருக்கும்னு அந்தம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. நம்ம ஹெட்மாஸ்டர்தான் இடம் சொன்னாராம். "திட்டு விழுந்தப்போகூட எனக்கு வலிக்காம விழுந்துச்சு, அவ்வளவு நேரான கட்டு"ன்னு சொன்னாராம்.

வந்தவர் கேட்டார், "எப்ப வருவாங்க?"

உண்மையைச் சொல்றேன். "நாளைக்கே வரச் சொல்றேன்" வாய் வரைக்கும் வந்துடுச்சு. மாடியில ரெண்டு அறைன்னா நாலு மாசம் நீ வீட்டுல இருப்பே. அப்புறம் பக்கத்துல இன்னொரு வேலை. கையெழுத்தை ரத்து பண்ண எதாவது வழி இருக்கும். எல்லாம் ஒரு நிமிஷத்துல மனசுல ஓடிச்சு. அவருக்கு டீ வாங்கி வந்தேன், அந்த நேரத்துல யோசிக்கலாம்னு.

டீயைக் கொடுத்துட்டுச் சொன்னேன், "அவங்க வெளியூர்ல ஆஸ்பத்திரி கட்டறாங்க சார். முடிய ஒரு வருஷம் ஆகும்."

"ஒரு வருஷமா? அது வரைக்கும் நான் என்ன பண்றது?" அப்படின்னார்.

"முதல் மாசம்தான் சார் கஷ்டம்"னேன். "அப்புறம் சமையல்கூட வந்துடும்."

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்.

உன் டெய்லர்